'யாட்' என்பதற்குச் 'சொகுசுப் படகு' பொருந்துமா?

1979 ஆகஸ்டில் அயர்லாந்துக்குத் தெற்கே வீசிய புயலைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை அண்மையில் தமிழ் வசன வரிகளுடன் பார்த்தேன். இங்கிலாந்தின் கவ்ஸ் துறையிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் தென்மேற்குக் கடலிலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிக்கொண்டு பிளிமத்தில் முடிந்த 605 கடல் மைல் பந்தயத்தில் அவ்வாண்டு 303 படகுகள் கலந்துகொண்டன. புயலில் சிக்கி, பந்தயத்தில் சென்றவர்களில் 15 பேர் உயிரிழந்தார்கள். பாய்மரம் முறிந்த படகொன்றில், இடுப்பில் கயிறு கட்டிய மனிதர்கள் அலையில் புரண்டுகொண்டிருந்த காட்சியின் கீழே "சொகுசுப் படகில் இருந்தவர்கள்" என்று எழுத்து ஓடியது. 'யாட்' (yacht) என்பதற்கான இந்த மொழிபெயர்ப்பை நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். ஆனால் அந்தக் காட்சியின் கீழே அதைப் படித்தபோது இனியும் எழுதாமல் இருக்கக்கூடாது என்று தோன்றியது.

'யாட்' என்ற ஆங்கிலச் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் 'யாக்ட்' என்றால் வேட்டை, துரத்தல். விரைந்து துரத்திச் செல்லும் சிறு கலத்துக்கு அப்பெயர் அமைந்தது. 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு 'மேரி' என்ற கலத்தைப் பரிசளித்த பின்னர், ஆங்கிலேயரிடையே சொல்லும் கலமும் ஒருசேரப் பரவின. கடற்பயணத்தைக் குறிக்கும் 'க்ரூஸ்' (cruise) என்பதும் டச்சிலிருந்து வந்த சொல்தான். குறுக்கும் நெடுக்குமாகக் கடலில் சென்றுவருதல் என்பது அதன் பொருள். இரண்டு சொற்களின் வேரிலும் சொகுசு இல்லை.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? ஆங்கில அகராதிகள் 'யாட்' என்பதை விளக்கும்போது, வணிகத்துக்கோ மீன்பிடிக்கோ அல்லாமல் 'இன்பத்துக்காக' ஓட்டும் கலம் என்று சொல்கின்றன. கூலிக்கோ சரக்குக்கோ அல்ல, உரியவர் தம் விருப்பத்துக்கு ஓட்டுவது என்பதே அங்கே 'இன்பம்' என்பதன் பொருள். கலத்தின் பயன்பாட்டைக் குறித்த அந்தச் சொல்லை, நம் மொழிபெயர்ப்பாளர்கள் கலத்தின் வசதியைக் குறிப்பதாகப் படித்து முதலில் 'உல்லாசப் படகு' என்றும், பிறகு 'சொகுசுப் படகு' என்றும் எழுதிவிட்டார்கள். காலையில் கடற்கரைச் சாலையில் தம் விருப்பத்துக்கு மிதிவண்டி ஓட்டுபவரின் வண்டியை நாம் உல்லாச மிதிவண்டி என்று சொல்வதில்லை.

அந்தப் பந்தயத்தில் ஓடிய படகு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'கான்டெஸா 32' என்பது 1970களின் தொடக்கத்தில் டேவிட் சாட்லர் வடிவமைத்து, இங்கிலாந்தின் லிமிங்டன் ஊரில் ஜெரமி ராஜர்ஸ் கட்டிய கண்ணாடியிழைப் படகு. 32 அடி நீளமும் ஒன்பதரை அடி அகலமும் கொண்டது. அதன் மொத்த எடையில் பாதியை நெருங்கும் பங்கு, படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் 'ஏரா' என்னும் கனமான பகுதியில் அடங்கியிருக்கிறது. அலை கவிழ்த்தாலும் படகு தானாக நிமிர்வதற்கு அந்த எடையும், அகலம் குறைந்த உடலும் துணைசெய்கின்றன. உள்ளே நெருக்கமான படுக்கைகள், ஒரு சிறு அடுப்பு, வரைபடம் விரிக்க ஒரு பலகை ஆகியவை இருக்கின்றன. 1979இல் மிகச் சிறிய படகுகளுக்கான பிரிவில் புறப்பட்ட 58 படகுகளில், 'அஸென்ட்' என்ற கான்டெஸா 32 ஒன்றுதான் பந்தயத்தை முடித்தது. அதே படகு பின்னாளில் கிரீன்லாந்துக் கடல்களுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் போய்வந்தது. பந்தயத்திலும் ஓடி, நெடும்பயணமும் போகும் இவ்வகைப் படகைச் 'சொகுசுப் பந்தயப் படகு' என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் நீச்சல் குளமும் வெண்ணிறச் சாய்விருக்கையும்தான் தோன்றும். ஈர உடையில் முறைவைத்துத் தூங்கும் மாலுமி தோன்றமாட்டார்.

'சொகுசு' என்பதற்கு எதிரான என் முதன்மையான வாதம் வேர்ச்சொல்லைப் பற்றியதன்று. அந்தச் சொல், தமிழ் மொழி படகுகளுக்குப் பெயரிடும் முறைக்கே மாறானது. கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். விசையால் ஓடுவது விசைப்படகு. துடுப்பால் செல்வது துடுப்புப் படகு. கலம் எதனால் ஆனது, எதனால் ஓடுகிறது என்று பார்த்துத்தான் இப்பெயர்கள் அமைந்தன. அதில் இருப்பவர் எவ்வளவு மகிழ்ந்தார் என்று பார்த்து அமையவில்லை. காற்றால் ஓடும் யாட் நமக்குப் பாய்ப்படகு. பாய்க்கப்பல் என்பது ஏற்கெனவே பழகிய சொல்லாதலால், இதை யாரும் புதிதாக ஆக்கித் தரவேண்டியதில்லை.

'பாய்மரப் படகு' என்பதிலும் பிழையில்லை. இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர் 2017-18இல் 'தாரிணி'யில் உலகைச் சுற்றிவந்தபோது நம் செய்தித்தாள்கள் பாய்மரப் படகு என்றே எழுதின. தாரிணியும் கண்ணாடியிழையால் கட்டிய, பாயால் ஓடும் கலம்தான். கடற்படை ஓட்டினால் பாய்மரப் படகு, வெளிநாட்டுத் தனிமனிதர் ஓட்டினால் சொகுசுப் படகு என்ற வேறுபாட்டுக்கு ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை. ஆயினும் நான் 'பாய்ப்படகு' என்பதையே விரும்புகிறேன். 'பாய்மரம்' என்பதையே பாய் என்று எண்ணி, 'பாய்மரத்தை விரித்தார்கள்' என்று எழுதுவோர் பெருகிவிட்டார்கள். விரிப்பது பாய், அதைத் தாங்கி நிற்பது பாய்மரம். குறுகிய சொல் இந்தக் குழப்பத்துக்கு இடம் தராது. சங்கப் பாடல்களில் பாய்மரத்துக்குக் 'கூம்பு' என்றும், பாய்க்கு 'இதை' என்றும் பெயர் உண்டு. பழஞ்சொற்களை மீட்பதில் எனக்கு விருப்பம் மிகுதி என்றாலும், 'இதை' என்பதை இன்று எழுதினால் அது சுட்டுப்பெயராகவே படிக்கப்படும் என்பதால் அதை வற்புறுத்தமாட்டேன். தெளிவைக் கெடுக்கும் தூய்மை மொழிக்கு உதவாது.

ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்கள் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து 'யாச்ட்' என்று எழுதிவருகிறார்கள். அப்படி யாரும் ஒலிப்பதில்லை. கடலோரத்தில் 'பைபர் படகு' என்று வழங்கும் பொருளை 'கண்ணாடிப் படகு' என்று பெயர்த்ததையும் கண்டிருக்கிறேன். அது கண்ணாடியின் மெல்லிய இழைகளைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்த உடல் என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. 'கண்ணாடியிழை' என்று முழுமையாக எழுதுவதில் கூடுதலாக ஆவது இரண்டே எழுத்துதான். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடாமல், படத்தில் ஓடும் கலத்தையும் ஒருமுறை பார்த்தால் இப்பிழைகளில் பெரும்பாலானவை நேராது.

இயந்திரத்தால் ஓடுவதும், பல தளங்களும் பணியாளர்களும் கொண்டதும், செல்வர்களுக்கு உரியதுமான கலத்தையும் ஆங்கிலம் 'யாட்' என்றே சொல்கிறது. அதற்குச் 'சொகுசுப் படகு' என்று எழுதுவதை நான் மறுக்கவில்லை. கான்டெஸா போன்றவற்றுக்குப் 'பாய்ப்படகு' என்றும், வேறுபடுத்திக் காட்டவேண்டிய இடங்களில் 'பந்தயப் பாய்ப்படகு', 'நெடும்பயணப் பாய்ப்படகு' என்றும் எழுதலாம். அந்த வசன வரியும் "பாய்ப்படகில் இருந்தவர்கள்" என்று இருந்திருக்க வேண்டும்.