கேம் சென்சாரை மாற்றும் முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

குடியாத்தத்தில் இருந்து வந்த அந்த டாக்ஸியில் கேம் சென்சாரை, அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரை, ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். செக் என்ஜின் லைட் மட்டும் அணையவில்லை. கத்திரி வெயிலில் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றி வரும் வண்டி அது. டோல்கேட் வரிசையில் நின்றால் ஆஃப் ஆகிவிடும், ஆறவிட்டால் மறுபடி ஓடும். சென்சாரில் வயர் வந்து மாட்டும் கப்ளரில் இருந்து ஒரு சாண் தள்ளி, வயரிங்கைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தோம். சிக்னல் வயர் இரும்பு பிராக்கெட்டில் உரசி உரசித் தேய்ந்து, செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, பிராக்கெட்டில் படாமல் கட்டினோம். வேலை அவ்வளவுதான்.

"ஸ்கேனரே சென்சார் போச்சுன்னு காட்டுதே சார்" என்கிறார்கள். இல்லை, காட்டவில்லை. ஸ்கேனரில் வரும் கோளாறு எண்ணைத்தான் கோடு என்கிறோம். பி0340 என்ற கோடு வந்தால் கேம் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. சரியான சிக்னல் தனக்கு வந்து சேரவில்லை என்பது மட்டும்தான் என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தெரியும். சென்சார் செத்தாலும் அதே கோடு, வயர் அறுந்தாலும் அதே கோடு. கப்ளருக்குள் ஆயில் இறங்கினாலும், கப்ளர் பின்னில் பச்சை பிடித்தாலும், ராத்திரி எலி கடித்துவிட்டுப் போனாலும் அதே கோடுதான் வரும். இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். வயிறு எரிகிறது.

சென்சாரே போவதும் உண்டு, மறுக்கவில்லை. சூடானதும் சிக்னல் அறுந்து, ஆறியதும் திரும்பும் சென்சார்களை நானே மாற்றியிருக்கிறேன். சோதித்த பிறகு மாற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பி0016 வந்தால் இன்னும் ஜாக்கிரதை. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டும் கேம் தண்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பல் தாண்டியிருக்கலாம். அங்கே சென்சாரை மட்டும் மாற்றி அனுப்பினால், பல என்ஜின்களில் ஒருநாள் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

தொழில் செய்யும் தம்பிகளுக்கு ஒன்று. காந்தப்புலத்தை உணரும் மூன்று வயர் ஹால் சென்சாரில் மீட்டரை ஓமில் வைத்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். சாவியை ஆன் செய்து, கப்ளரில் சப்ளை வருகிறதா பாருங்கள். வண்டியைப் பொறுத்து 5 வோல்ட் இருக்கும், அல்லது பேட்டரி வோல்ட் இருக்கும். அப்புறம் எர்த். பிறகு கப்ளரை மாட்டி, பின்பக்கமாகப் புரோப் வைத்து, என்ஜினைக் கையால் சுற்றினால் சிக்னல் ஏறி இறங்க வேண்டும். வயரின் மேல்தோலில் ஊசி குத்தாதீர்கள். அந்த ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி ரொம்பத் தொய்ந்தாலும் பொய்க் கோடு வரலாம், அதையும் பாருங்கள்.

வண்டிக்காரர்களே, ஸ்கேனரில் வந்த கோடு எண்ணை அழிப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். என்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

செல்ஃப் ரொம்ப நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகிறதா? லைட்டும் எரிகிறதா? தயவுசெய்து அந்த வண்டியோடு பெங்களூரு ஹைவேயில் ஏறாதீர்கள். ஓட்டத்தில் என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால், சில மிதியிலேயே பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். அப்படி ஆனால் ஹசார்ட் போட்டு, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, இடது ஓரம் ஒதுங்குங்கள்.