அடுப்பை அணைத்தேனா? ஓர் எண்ணம் விடாமல் துரத்துவது எப்படி

கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நிற்கிறீர்கள். ‘இப்படியே கீழே போட்டுவிட்டால்?’ என்று ஓர் எண்ணம் பளிச்சென்று வந்து போகிறது. அடிவயிறு சில்லிட்டுப் போகிறது. இரண்டடி பின்வாங்கி, குழந்தையை இறுக்கிக்கொள்கிறீர்கள். யாரிடமும் சொல்வதில்லை. எப்படிச் சொல்வது?

யாரும் வாய் திறக்காததால்தான், இது தனக்கு மட்டுமே வருகிறது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மனும் பத்மால் டி சில்வாவும் இதை வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். 1978-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், எந்த மனநலச் சிக்கலும் இல்லாதவர்களிலேயே சுமார் 80 சதவீதம் பேர் இப்படி வேண்டாத எண்ணங்கள் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இவர்களுடைய எண்ணங்களையும், ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களின் எண்ணங்களையும் கலந்து நிபுணர்களிடம் கொடுத்தபோது, எது யாருடையது என்று பிரிக்க அவர்களே திணறினார்கள். 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் கேட்டார்கள். முந்தைய மூன்று மாதங்களில் இப்படி ஓர் எண்ணமாவது வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 94 சதவீதம்.

அப்படியானால் நோய் என்பது எது? எண்ணம் வந்த அடுத்த அரை நிமிடத்தில் நடப்பதுதான். ஒருவர் ‘சீ, என்ன கிறுக்குத்தனம்’ என்று நினைத்துவிட்டுக் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விடுகிறார். இன்னொருவர் அங்கேயே நின்றுவிடுகிறார். ‘எனக்கு ஏன் இப்படித் தோன்றியது? உள்ளுக்குள் நான் கொலைகாரியா? தோன்றியபிறகும் தடுக்காமல் விட்டு, ஏதாவது நடந்துவிட்டால் நான்தானே பொறுப்பு?’ உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1985-ல் முன்வைத்த விளக்கம் இந்த மிதமிஞ்சிய பொறுப்புணர்வைத்தான் குறிவைத்தது. நினைப்பதும் செய்வதும் ஒன்றுதான் என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டால், வழிப்போக்கன் மாதிரி வந்த எண்ணம் திண்ணையைப் பிடித்துக்கொள்கிறது.

எண்ணம் கடிப்பதும் பார்த்துப் பார்த்துத்தான். பக்தி உள்ளவருக்குக் கடவுளைத் திட்டும் சொற்கள் வரும். எறும்பை மிதிக்கத் தயங்குபவருக்குக் கத்தியைப் பார்த்தால் பயமாக இருக்கும். நாம் எதை உயிராக நினைக்கிறோமோ அதில்தான் கை வைக்கும். அதனால் இந்த எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறவர் அதைச் செய்யத் துடிப்பவர் இல்லை. பெரும்பாலும் அதற்கு நேர் எதிரானவர். ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் பயத்தைத் தராமல் ஆசையாகவோ, நிம்மதியாகவோ, திட்டமாகவோ வந்தால் அது வேறு கதை. உடனே நெருங்கியவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எண்ணத்தை விரட்டினால் என்ன? ‘மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே’ என்று சொன்னவர் பாதி உளவியலைச் சொல்லிவிட்டார். மீதியை 1987-ல் அமெரிக்காவில் உளவியலாளர் டேனியல் வெக்னர் செய்து காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனதில் வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கரடியை மட்டும் நினைக்கக்கூடாது, நினைத்துவிட்டால் மணி அடிக்க வேண்டும். மணி நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அடித்தது. அதைவிட முக்கியமானது அப்புறம் நடந்தது. ‘இனி தாராளமாக நினைக்கலாம்’ என்று சொன்னபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி இருந்தவர்களைவிட, அடக்கிவைத்தவர்களிடம் கரடி அதிகம் வந்தது. காரணம் புரியக்கூடியதுதான். கரடி உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரனை வாசலில் நிறுத்தினால், அவன் கையில் கரடியின் படத்தைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

விரட்ட முடியாதவர் அடுத்ததாகச் சரிபார்க்கப் போகிறார். என்னைப் பொறுத்தவரை இந்த நோயின் மிகவும் அநியாயமான பகுதி இதுதான். பூட்டை இழுத்துப் பார்ப்பது, கையை மறுபடி கழுவுவது போன்றவை கண்ணுக்குத் தெரியும். வாய்க்குள் மந்திரம் சொல்வது, எண்ணுவது, நடந்ததை மனதில் ஓட்டிப் பார்ப்பது, ‘நான் அப்படிப்பட்டவன் இல்லைதானே?’ என்று பத்துப் பேரிடம் கேட்பது எல்லாம் தெரியாது. எல்லாவற்றிலும் ஐந்து நிமிட நிம்மதி கிடைக்கும். அந்த ஐந்து நிமிடம்தான் தூண்டில் புழு. ‘சரிபார்த்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சத்தமாக அலாரம் அடிக்கிறது.

ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தால் உறுதியாவது தெரியுமே? அதுவும் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹவுட்டும் மெரல் கிண்ட்டும் 2003-ல் வெளியிட்ட சோதனையில், நோய் எதுவும் இல்லாதவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை இயக்கச் சொன்னார்கள். பற்றவை, அணை, அணைந்ததா என்று பார். இப்படி 20 தடவை. இன்னொரு குழுவுக்கு நடுவில் அடுப்புக்குப் பதில் பல்புகள். கடைசியில் இரு குழுவிடமும் அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். எந்தக் குமிழைத் திருப்பினோம் என்பதை இரு குழுவும் ஒரே அளவு சரியாகத்தான் சொன்னது. ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன்மேல் நம்பிக்கையும் போய்விட்டது. ஒரே செயல் இருபது தடவை நடந்தால் எந்தத் தடவையும் தனியாக மனதில் நிற்பதில்லை. சந்தேகத்தைத் தீர்க்கப் போனவர் சந்தேகத்தைத் தயாரித்துவிட்டு வருகிறார்.

மூளையில் இதற்கு ஒரு சுற்றுப்பாதை உண்டு. நெற்றிக்குப் பின்னால் கண்களுக்கு மேலே இருக்கும் பகுதி ‘ஏதோ தப்பு’ என்று மணி அடிக்கிறது. மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட், தலாமஸ் வழியாக அந்தச் சேதி சுற்றி மறுபடி அங்கேயே வருகிறது. ஓ.சி.டி. இருப்பவர்களுக்கு இந்தச் சுற்று அளவுக்கு மீறி இயங்குகிறது. 1992-ல் லூயிஸ் பாக்ஸ்டர் குழு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, மாத்திரையில் குணமானவர்களுக்கும் பயிற்சியில் குணமானவர்களுக்கும் காடேட்டின் வேகம் ஒரே மாதிரி தணிந்திருந்தது. (மேசையை ஒழுங்காக வைப்பவர்கள் ‘எனக்குக் கொஞ்சம் ஓ.சி.டி.’ என்று பெருமையாகச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கிறதா, அன்றாட வாழ்க்கையை முடக்குகிறதா என்றுதான் மருத்துவர்கள் பார்ப்பார்கள்.)

அந்தப் பயிற்சியின் தொடக்கம் 1966. லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளை அவர்கள் அஞ்சியதற்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, பயம் தீர அவர்கள் வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யவிடாமல் செவிலியர்களை வைத்துத் தடுத்தார். பயம் ஏறியது, பிறகு தானாக இறங்கியது. இன்றும் அடிப்படை அதுதான், தடுப்பது மட்டும் செவிலியர் இல்லை, நோயாளியே. பயங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, சிகிச்சையாளரின் துணையுடன் கீழ்ப்படியிலிருந்து ஏறுவார்கள். கத்திக்குப் பயந்தவர் முதல் நாள் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். சில வாரங்களில் வீட்டார் அருகே நிற்க, அதே கத்தியால் காய் நறுக்குவார். பயம் இறங்குவது நல்லதுதான், ஆனால் இறங்காவிட்டாலும் ‘பயத்தோடேயே இருக்க முடிந்தது, எதுவும் நடக்கவில்லை’ என்று மூளை கற்றுக்கொள்வதுதான் உண்மையான லாபம். செரட்டோனினில் வேலை செய்யும் மருந்துகளும் உதவும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். இரண்டாவது வாரமே ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் பாவம்.

எண்ணம் லேசாகத் தொல்லை தரும் நிலையில் இருப்பவர்களும் இதே வழியில் சிறிதாகத் தொடங்கலாம். எண்ணத்தோடு வாதாடாமல், ‘சரி, அந்த எண்ணம் வந்திருக்கிறது’ என்று பெயர் சொல்லிவிட்டுக் கையில் இருந்த வேலையைத் தொடர்வது. சரிபார்க்கத் தோன்றினால் பத்து நிமிடம் தள்ளிப்போடுவது. கடினமான பங்கு வீட்டாருக்குத்தான். பாசத்தில் பதில் சொல்லிச் சொல்லியே நோய்க்குத் தீனி போடுகிறோம் என்று தெரிந்தபிறகும், வாயை அடக்குவது லேசு இல்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா கேட்பார்: “அடுப்ப அணைச்சுட்டேன்ல?”

“ஒரு தடவை பாத்தீங்கல்லம்மா?”

“பாத்தேன். ஆனா ஒருவேளை...”

“ஒருவேளைதான். வாங்க, பஸ் வந்துரும்.”