மூர் மார்க்கெட் எங்கே நின்றது?

ஆவடி, அரக்கோணம் பக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் சென்னைக்கு வருகிறவர்கள் கடைசியாக இறங்கும் இடத்துக்குக் கால அட்டவணையில் 'எம்.எம்.சி.' என்று பெயர். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்பதன் சுருக்கம். அங்கே ஏறி இறங்குகிறவர்களில் அந்த மார்க்கெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1900-ல் திறந்த செங்கல் கட்டடம் அது. நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள், பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு ஒரு சொர்க்கம். 1985 மே மாதம் எரிந்து போனது. பெயர் மட்டும் ரயில் அட்டவணையில் தங்கிவிட்டது.

என்னிடம் ஒரு பழைய படத்தின் நகல் இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நின்றுகொண்டு கிழக்கே பார்த்து எடுத்தது. இடது பக்கம் அருகில் விக்டோரியா ஹால். தூரத்தில் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மணிக்கூண்டு. இரண்டுக்கும் நடுவில், சற்று உள்ளே தள்ளி, மூர் மார்க்கெட்டின் கூரைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதைக் கையில் வைத்துக்கொண்டு, எடுத்தவர் எங்கே நின்றார் என்று தேடிப் போனேன்.

தேடுவதற்குத் தேவை ஒன்றுதான்: படத்தில் உள்ள இரண்டு கட்டடங்களாவது இன்றும் நிற்க வேண்டும். விக்டோரியா ஹாலும் நிற்கிறது, மணிக்கூண்டும் நிற்கிறது. படத்தில் ஹாலின் வலது விளிம்புக்கும் மணிக்கூண்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம் இடைவெளி. நான் முதலில் நின்ற இடத்தில் இடைவெளியே இல்லை. ஹால் மணிக்கூண்டைப் பாதி மறைத்தது. சாலையின் தென்புறமாக நாலு தப்படி நகர்ந்தேன். ஹால் இடப்பக்கம் விலகியது, மணிக்கூண்டு முழுதாக வெளியே வந்தது. கிட்டத்தில் இருப்பது வேகமாக நகர்கிறது, எட்டத்தில் இருப்பது மெதுவாக நகர்கிறது. இந்த வித்தியாசத்துக்கு இடமாறு தோற்றம் என்று பெயர். விண்மீனின் தூரத்தை அளக்க வானியலாளர்கள் பயன்படுத்தும் அதே தோற்றம்தான் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் வேலை செய்கிறது. இடைவெளி படத்தில் உள்ளபடியே வரும் இடங்களை வரைபடத்தில் குறித்தால், தரையில் ஒரு கோடு கிடைக்கும். எடுத்தவர் அந்தக் கோட்டில் எங்கோ நின்றிருக்கிறார்.

கோட்டில் எந்தப் புள்ளி? அதற்கு உயரம் உதவும். நூறடிக் கோபுரமும் ஐம்பதடிக் கட்டடமும் படத்தில் ஒரே உயரமாகத் தெரிந்தால், கோபுரம் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று பொருள். ஹாலுக்கும் மணிக்கூண்டுக்கும் படத்தில் உள்ள உயர விகிதத்தை அளந்து, அதே விகிதம் வரும் வரை முன்னும் பின்னும் நடக்க வேண்டும். அருகே போகப்போக ஹால் விறுவிறுவென்று பெரிதாகும். மணிக்கூண்டு அவ்வளவாக மாறாது. நடந்து கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டு நிபந்தனையும் ஒன்றாகப் பொருந்தும். அந்தக் கணம் உடம்பு சிலிர்க்கும். நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் முக்காலியை ஊன்றிய இடத்தில் நம் செருப்பு இருக்கிறது.

அங்கிருந்து மூர் மார்க்கெட்டின் திசை தெரிந்துவிடுகிறது. திசை மட்டும்தான்; தூரம் தெரியாது. வேறொரு இடத்திலிருந்து எடுத்த இன்னொரு படத்துக்கும் இதையே செய்தால் இரண்டாவது திசைக்கோடு வரும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில், அந்தக் கூரை நின்றது. ஒரே படத்தை வைத்துக்கொண்டு, காணாமல் போன கட்டடத்தின் இடத்தைத் துல்லியமாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இது நில அளவைக்காரர்களின் பழைய வித்தை. 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கியபோது, முதல் அடிக்கோட்டை, அதாவது தரையில் நேரடியாக நீளம் அளந்த முதல் கோட்டை, போட்டது பரங்கிமலைப் பக்கத்தில்தான். போட்டோ வந்த பிறகு, கோணமானி செய்யும் வேலையைப் படமே செய்யும் என்று சிலர் கண்டுகொண்டார்கள். 1858-ல் ஜெர்மனியில் மைடன்பாவர் என்ற கட்டடக் கலைஞர் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளக்க ஏறி, உயரத்திலிருந்து விழப்பார்த்துத் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதில் படமெடுத்து அளக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு அதிலிருந்து பிறந்தது.

அதே 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரையிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் படமெடுத்துக்கொண்டிருந்தார். மெழுகு பூசிய காகிதமே அவருடைய நெகட்டிவ். பழுதுபார்ப்பதற்கு முந்தைய திருமலை நாயக்கர் மகால் எப்படிச் சிதைந்து கிடந்தது என்பதற்கு அவருடைய படங்கள் நேர்ச் சாட்சி. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை நடந்து நடந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். இன்று போனைச் சுழற்றி பனோரமா எடுக்கிற நமக்கு அந்த உழைப்பின் அளவு எளிதில் புரியாது.

இடத்துக்கு அடுத்தது உயரம். கடற்கரை நகரம் என்பதால் சென்னைக்கு இதில் ஒரு வசதி உண்டு. படத்தில் கடலும் வானும் சேரும் கோடு தெரிந்தால், அந்தக் கோடு எந்தப் பொருளை எங்கே வெட்டுகிறதோ அதுதான் கேமராவின் உயரம். முதல் மாடி ஜன்னலை வெட்டினால், எடுத்தவர் முதல் மாடி உயரத்தில் நின்றார். மரக்கிளையின் உச்சியை வெட்டினால், மரத்தளவு உயரமான மொட்டை மாடியிலோ கோபுரத்திலோ இருந்திருக்கிறார். கடல் தெரியாத தெருப்படத்தில், நிற்கிற ஆட்களின் கண்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் வரிசையாக இருந்தால், கேமராவும் கண்மட்டத்தில்தான் இருந்திருக்கிறது.

காலத்தைச் சொல்வது நிழல். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருப்பதால், இங்கே சூரியன் வருஷத்துக்கு இரண்டு முறை உச்சந்தலைக்கு நேரே வருகிறது: ஏப்ரல் கடைசி வாரம் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாவது வாரம் ஒரு முறை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். டிசம்பர் நடுவில் நூறடிக் கோபுரத்தின் நண்பகல் நிழல் வடக்கே சுமார் 74 அடி நீளும். ஜூனில் அதே நிழல் தெற்கே 18 அடிதான். ஆகவே தெற்கே பார்த்த ரிப்பன் மாளிகையின் முகப்பில் உச்சிவெயில் பளிச்சென்று அடிக்கும் ஒரு படம் ஜூன் மாதத்ததாக இருக்கவே முடியாது. மெரினா சாலையில் உள்ள செனட் ஹவுஸின், கடலைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில் வெயில் இருந்தால் அது காலை நேரம். இதைக் கணக்குப் போடக்கூடத் தேவையில்லை. மெரினாவில் நடைப்பயிற்சி போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

வருஷத்தைப் பிடிக்க, எது இருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கும் கல் தூண், கலங்கரை விளக்கமாக 1844-ல் எரியத் தொடங்கியது. 1892-ல் நீதிமன்றக் கட்டடம் திறந்தது. 1894-ல் விளக்கு அதன் கோபுர உச்சிக்கு மாறியது. 1977-ல் மெரினாவுக்குப் போனது. தூண் தனியாக நிற்க, பக்கத்தில் நீதிமன்றமே இல்லாத படம் என்றால் வயது ஓரளவு சொல்லிவிடலாம். மின்சார டிராம் 1895 மே மாதம் ஓடத் தொடங்கி, 1953 ஏப்ரலில் நின்றது. தொடக்கத்தில் மின்சாரம் தண்டவாளங்களுக்கு நடுவே தரைக்கடியில் வந்தது. மேலே கம்பி பின்னால்தான் வந்தது. டிராம் இருந்து கம்பி இல்லையென்றால் படம் மிகப் பழையது. ரிப்பன் மாளிகை 1913-ல் முடிந்தது. என் நகலில் மூர் மார்க்கெட் கூரை தெரிவதால் அது 1900-க்கு முன் போக முடியாது. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொண்டே வந்தால் நடுவில் சில வருஷங்களே மிஞ்சும்.

மணலும் தேதி சொல்லும். 1870-களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் கரையைக் கடல் அரித்தது. அலை சாலைக்கு அருகில் அடிக்கும் மெரினாப் படம் கிடைத்தால் அதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆனால் பழைய படம் பொய்யும் சொல்லும், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே. அந்தக் காலத் தகடும் காகிதமும் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பு அவற்றுக்கு இருட்டு. அதனால் நீதிமன்றத்தின் செங்கல் கரியாகத் தெரியும். சுண்ணாம்பு பூசிய சுவர் கண்ணைக் கூசும். வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். ட்ரைப் தன் நெகட்டிவ்களில் மேகத்தைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். மேகத்தைப் பார்த்துப் பருவம் சொல்லக் கூடாது. நீண்ட நேரம் ஒளி வாங்கும் படத்தில், நடக்கிறவர்களும் வண்டிகளும் பதிவதே இல்லை. வெறிச்சோடிக் கிடக்கும் தெரு உண்மையில் சந்தைக் கூட்டமாக இருந்திருக்கலாம். அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரும் கட்டிப் போட்ட மாடும் மட்டும் எஞ்சியிருப்பார்கள்.

இன்னொரு பெரிய வம்பு, கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள். இடம் வலமாகிவிடும். எவ்வளவு நடந்தாலும் எதுவும் பொருந்தாது. கட்டடத்தைப் பார்க்காமல் மனிதர்களைப் பாருங்கள். பெண்களின் முந்தானை வலது தோளில் இருக்கிறதா? ஒருவர் மட்டும் என்றால் மடிசாராக இருக்கலாம். தெருவில் எல்லோருக்கும் அப்படி என்றால் படம் திரும்பியிருக்கிறது. அர்ச்சகரின் பூணூல் வலது தோளில் தொங்கினாலும் அதே சந்தேகம்தான். கடைப் பலகை எழுத்து தெரிந்தால் இத்தனை ஆராய்ச்சியே வேண்டாம்.

இப்போது கணினி இந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்கிறது. முகப்பு ஒன்றின் நான்கு மூலைகளைப் பழைய படத்திலும் புதிய படத்திலும் தொட்டுக் காட்டினால், ஒன்றை இழுத்து மடக்கி மற்றொன்றின்மேல் சரியாகப் படிய வைக்கும். ஆனால் தட்டையான பரப்புக்குத்தான் இந்தக் கணக்கு செல்லும். முகப்பு அழகாகப் பொருந்த, பின்னால் உள்ள கோபுரம் விலகி நிற்கலாம். அந்த விலகல் வந்தால், நாம் நின்ற இடம் தவறு என்று அர்த்தம். திரும்பவும் நடக்க வேண்டியதுதான். படிகளையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பழைய படத்தில் ஏழு படி ஏறிப் போகும் வாசலுக்கு இன்று மூன்று படிதான் இருக்கும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் மீதி மண்ணுக்குள் போயிருக்கிறது. அந்த அளவைக் கழிக்காமல் உயரக் கணக்குப் போட்டால் எல்லாம் பிசகும்.

ஓமந்தூரார் தோட்டத்தில் நின்ற கவர்னர் மாளிகைக்கும் இந்த வழி ஒன்றுதான். புதிய சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடத்துக்காக மாளிகையை இடித்தார்கள். 2010-ல் திறந்த அந்தப் புதுக்கட்டடம் இன்று பன்னோக்கு மருத்துவமனை. பக்கத்தில் ராஜாஜி ஹால் மட்டும் 1802 முதல் அசையாமல் இருக்கிறது. அதைக் கட்டிய கோல்டிங்ஹாம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுட்ட பீரங்கியின் ஓசை எத்தனை நேரத்தில் வந்து சேருகிறது என்று எண்ணி, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்ட வானியலாளர். மாளிகையும் ஹாலும் சேர்ந்திருக்கும் பழைய படங்களில், ஹாலின் தூண்களையும் அகன்ற படிக்கட்டையும் பிடித்துக்கொண்டுதான் மாளிகையின் சுவர் ஓடிய இடத்தைத் தரையில் குறிக்க முடியும். அந்த ஹாலும் இல்லாது போயிருந்தால், படங்கள் எத்தனை இருந்தும் நிறுத்திப் பார்க்க இடம் இருந்திருக்காது.

உங்கள் வீட்டு ஆல்பத்தில், தாத்தாவும் பாட்டியும் மூர் மார்க்கெட் வாசலிலோ ஸ்பென்சர் முன்னாலோ நின்று எடுத்த படம் இருந்தால், ஸ்கேன் செய்யும்போது அவர்கள் முகத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும் கம்பம், தூரத்துக் கோபுர முனை, காலடியில் விழுந்த நிழல், எல்லாம் அப்படியே வரட்டும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ, பென்சிலில் எழுதிய ஒரு தேதியோ அங்கே இருக்கும்.