கனடாவுக்குப் பிள்ளையைக் கூப்பிட என்ன வேண்டும்?

ஊரில் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டுக் கனடா வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, வருமானம் எவ்வளவு காட்ட வேண்டும் என்றுதான். அது அப்பா அம்மாவையோ தாத்தா பாட்டியையோ கூப்பிடுவதற்கான கணக்கு. சொந்தப் பிள்ளையை ஸ்பான்சர் செய்ய, அதாவது பொறுப்பேற்றுக் கூப்பிட, குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது, அந்தப் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால்தான் வருமானம் பார்ப்பார்கள். உங்களுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) அல்லது குடியுரிமை இருக்க வேண்டும், மாற்றுத்திறன் தவிர வேறு காரணத்துக்காக அரசின் சமூக உதவிப் பணம் வாங்குபவராக இருக்கக் கூடாது. பி.ஆர். மட்டும் உள்ளவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். குடியுரிமை உள்ளவர் வெளியே இருந்தபடியும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பிள்ளைக்கு பி.ஆர். கிடைத்ததும் இங்கே திரும்பி வாழப் போகிறார் என்று காட்ட வேண்டும்.

பிரச்சினை பணத்தில் இல்லை என்றால் எங்கே? வயதில். பிள்ளைக்கு 22 வயது நிறைந்திருக்கக் கூடாது. 2014 ஆகஸ்டில் இந்த வரம்பை 19 ஆகக் குறைத்தார்கள், 2017 அக்டோபர் 24 முதல் மறுபடி 22 ஆக்கினார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் யாரோ சொன்னதை நம்பி, 20 வயது மகளைக் கூப்பிட முடியாது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. 22 தாண்டிய பிள்ளைக்கும் ஒரு விலக்கு இருக்கிறது: உடல் அல்லது மனநிலைக் காரணத்தால் சொந்தமாகச் சம்பாதிக்க முடியாமல், 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோரை நம்பி வாழ்பவராக இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கிறான், செலவுக்கு நான்தான் அனுப்புகிறேன் என்பது இதில் சேராது.

வயதை எந்த நாளில் கணக்கிடுவார்கள் என்பது அடுத்த கேள்வி. முழுமையான விண்ணப்பம் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்த நாளில் பிள்ளையின் வயது பூட்டப்பட்டுவிடும், அப்புறம் முடிவு வர இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை. 'முழுமையான' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலோ கட்டணம் குறைந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டால் முடிந்தது கதை. 21 நடக்கும்போது இழுத்தடிக்காதீர்கள் என்பேன். பிள்ளையைச் சேர்த்துத் தாங்களே விண்ணப்பித்து, வேலைத் திறனுக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் வருபவர்கள் புரொஃபைல் போட்ட நாளை எண்ணிக்கொள்கிறார்கள், அது செல்லாது. அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பம் கொடுத்த நாள்தான் கணக்கு. மாகாணப் பரிந்துரையில் வருபவருக்கு மாகாணத்திடம் விண்ணப்பித்த நாள், கனடாவுக்குள் அகதிக் கோரிக்கை வைத்தவருக்கு அந்தக் கோரிக்கை வைத்த நாள்.

பூட்டப்படுவது வயது மட்டும். விண்ணப்பம் நடக்கும்போது பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தாலோ, யாருடனாவது ஒரு வருடம் சேர்ந்து குடித்தனம் நடத்தினாலோ தகுதி போய்விடும். ஊரில் நல்ல வரன் வந்திருக்கிறது என்று அவசரப்படும் பாட்டிமாருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, இனி நிஜமாகவே குடும்பங்களைப் பிரிக்கும் விதிக்கு வருவோம். நீங்கள் பி.ஆர். ஆகும்போது ஒரு பிள்ளையின் பெயரைப் படிவத்தில் எழுதாமல், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் விட்டிருந்தால், பின்னால் அந்தப் பிள்ளையை ஸ்பான்சர் செய்யவே முடியாது. விதிமுறையில் 117(9)(d) என்று இருப்பது இதுதான். முதல் திருமணத்துப் பிள்ளை, வீட்டுக்குத் தெரியாத பிள்ளை, முன்னாள் கணவரிடம் வளரும் பிள்ளை, 'இப்போதைக்குப் பெயர் போட்டால் ஃபைல் தாமதமாகும்' என்று ஏஜென்ட் சொன்னதால் விடுபட்ட பிள்ளை, எல்லாம் இதில் மாட்டும். உங்களோடு வரப் போவதில்லை என்றாலும் பெயர் இருக்க வேண்டும். விசா கைக்கு வந்தபின், விமானம் ஏறுமுன் பிள்ளை பிறந்தாலும் தெரிவித்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

2019 செப்டம்பரில் இதற்கு ஒரு தளர்வு கொண்டுவந்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். அகதியாகவோ, கணவனோ மனைவியோ பெற்றோரோ ஸ்பான்சர் செய்தோ வந்தவர்களுக்குத்தான் அது. அதுவும் அந்தப் பிள்ளையைச் சொல்லியிருந்தாலும் உங்கள் தகுதி கெட்டிருக்காது என்றால் மட்டும். வேலைத் திறன் வழியாக வந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து அகதியாக மீள்குடியேறியவர்கள், பெயர் கொடுத்துவிட்டு ஊரில் விட்டுவந்த பிள்ளையை வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துக் கூப்பிடலாம், தனி ஸ்பான்சர் தேவையில்லை. அந்த ஒரு வருடம் வேலை, வாடகை வீடு என்று கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளை என்றால் தயங்குகிறார்கள். தேவையில்லை. பெற்றோர் ஸ்பான்சர் செய்யும் பிள்ளையை மருத்துவச் செலவு அதிகமாகும் என்ற காரணத்தால் மறுக்க முடியாது.

கையெழுத்துப் போட்டால் பொறுப்பும் வரும். 22 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 10 வருடம் அல்லது 25 வயது ஆகும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை செலவு உங்களுடையது, கியூபெக்கில் மட்டும் வேறு கணக்கு. பிள்ளைக்கு 18 ஆகவில்லை, மற்றப் பெற்றோர் கூட வரவில்லை என்றால் ஐ.எம்.எம். 5604 படிவத்தில் அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும். விவாகரத்து முடிந்த வீடுகளில் இதற்குத்தான் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும், ஆகவே மொழிபெயர்த்த பிறப்புச் சான்றிதழுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, நீங்கள் கனேடியக் குடியுரிமை பெற்ற பிறகு ஊரில் பிறந்த பிள்ளை என்றால் இந்த ஸ்பான்சர் வழியே தேவையில்லை. அந்தப் பிள்ளை பொதுவாகப் பிறக்கும்போதே கனேடியர், குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் போதும்.