காட்டை நிர்வகிக்கும் உரிமை: படிவம் சி-யில் கவனிக்க வேண்டியவை

வன உரிமைச் சட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தனிநபர் பட்டா. அதற்கு உச்சவரம்பு 4 ஹெக்டேர். 2006-ஆம் ஆண்டின் இதே சட்டத்தில் அதைவிடப் பெரிய உரிமை ஒன்று இருக்கிறது: ஊர் காலங்காலமாகப் புழங்கிவரும் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் தரும் சமூக வன வள உரிமை. இதற்கு அந்த 4 ஹெக்டேர் வரம்பு கிடையாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா-லேகா என்ற சிற்றூர் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு இந்த உரிமையைப் பெற்றது. மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டை எழுதும் அதிகாரம் 2011-இல் அதன் கிராம சபைக்கே வந்தது.

இந்த உரிமையைக் கோர முதலில் கிராம சபையைக் கூட்ட வேண்டும். அதை ஊராட்சி அளவில் கூட்டாமல் குடியிருப்பு அளவில் கூட்டுங்கள். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். பத்து மலைக்குடியிருப்புகளைச் சேர்த்துக் கூட்டினால் கோரம் நிறையாது. கோரிக்கையைத் தயாரிக்கும், 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவையும் சபையே தேர்ந்தெடுக்கும். அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

அடுத்து, இந்த உரிமையைக் கோரும் விண்ணப்பமான படிவம் சி. எல்லையைப் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ஓடை, தேன் எடுக்கும் பாறை, சாமி மரம், சுடுகாடு என ஒவ்வொன்றையும் ஊர் வழங்கும் பெயரோடு வரைபடத்தில் குறியுங்கள். சான்று ஒன்று போதாது. முதியோர் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரும் அதே காட்டைப் புழங்கினால் இரு குழுக்களும் முதலிலேயே சேர்ந்து உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

கள ஆய்வுத் தேதியை வனத்துறைக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். 'எங்கள் ஆள் வரவில்லை' என்று துறை பின்னர் ஆட்சேபித்தால், இன்னொரு தேதி சொல்ல வேண்டும். அன்றும் வராவிட்டால் கள ஆய்வைப் பொறுத்தவரை சபையின் முடிவே இறுதி என்கிறது 2012-இல் திருத்தப்பட்ட விதி. செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணைதான். அவற்றுக்கு மாற்றாக அதை வைக்க முடியாது. இந்த இரண்டும் தெரியாததால் தளர்ந்துபோகும் ஊர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கோரிக்கை உட்கோட்டக் குழு வழியாக, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். கூடுதல் விவரம் தேவையென்றால் சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். உட்கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.

உரிமை கிடைத்த கையோடு சபை ஒரு குழு அமைத்து மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். எங்கே மேய்ச்சல், எந்த மாதம் மூங்கில் வெட்டக் கூடாது, தீ பரவாமல் தடுக்கும் வெற்றுப் பாதையை யார் சுத்தம் செய்வது என்பதெல்லாம் அதில் வரட்டும். வனத்துறையின் திட்டத்தோடு அதை இணைத்துக்கொள்ளவும் விதியில் இடமுண்டு.