மைக் ஷீல்டு வாங்கும் முன் முதுகுப்பக்கச் சுவரைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அறையில் பாடல்களுக்கு மிக்ஸிங் செய்து கொடுப்பது என் வேலை. வள்ளியூர், நாசரேத், அம்பாசமுத்திரம், தென்காசி என்று பல ஊர்களிலிருந்து குரல் பதிவுகள் வருகின்றன. கொடை விழாவுக்கு அம்மன் பாட்டு, கிறிஸ்தவக் கீர்த்தனை, கல்யாண வாழ்த்து, பள்ளிப் பிள்ளைகள் பாடிய திருக்குறள் என்று எல்லாம் உண்டு. முன்பு பாடுகிறவர்கள் இங்கேயே வந்து பாடுவார்கள். இப்போது பலரும் வீட்டில் பாடிக் குரலை மட்டும் அனுப்புகிறார்கள். அது நல்லதுதான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாடகை அறையில் பாடும்போது வராத நிதானம், சொந்த வீட்டில் பாடும் குரலில் இருக்கிறது.

ஆனால் அந்தக் குரலோடு சேர்ந்து வீடும் வந்துவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் பலர் மைக் ஷீல்டு வாங்குகிறார்கள். மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நிற்குமே, உள்பக்கம் ஃபோம் ஒட்டிய மடக்குப் பலகை, அதுதான். அதை வாங்கிய பிறகும் எதிரொலி போகவில்லை என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கியிருப்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வாங்குவதற்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். அதனால் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு பாடல்கள் அனுப்பியிருந்தார். நல்ல குரல், சுருதி சுத்தம். ஆனால் மூடிய பானைக்குள் இருந்து பாடியது போலக் கேட்டது. போன் செய்தேன்.

"பலகை வாங்கி மாட்டியிருக்கேம்லா தம்பி, அப்புறமும் அப்படியா கேக்குது?" என்றார்.

"மாட்டுனது சரிதான் டீச்சர், நீங்க எங்க நிக்கீங்கன்னு பாக்கணும். நேர்ல வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மாடியில் பத்துக்குப் பத்து அறை. கான்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். தட்டிய பிறகு 'டிர்ர்ர்' என்று கம்பி அதிர்வது போல ஒரு ஓசை நீண்டது. எதிரெதிரே இருக்கும் இரண்டு மொட்டைச் சுவர்களுக்கு நடுவில் ஒலி மாறி மாறி மோதுவதன் அடையாளம் அது. மைக் ஜன்னல் பக்கம் இருந்தது. அதற்குப் பின்னால் ஷீல்டு. டீச்சர் ஜன்னலைப் பார்த்து நின்று பாடுவார். அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில், ஒரு பெரிய இரும்பு பீரோ.

கோளாறு அங்கேதான். வீட்டில் பாட நாம் வாங்கும் கண்டன்சர் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. அவற்றின் கேட்கும் எல்லையை வெற்றிலை போல நினைத்துக்கொள்ளுங்கள். நுனிப் பாகம் பாடுகிறவர் பக்கம். காம்பு சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அது மைக்கின் முதுகுப்பக்கம். அந்தத் திசையில் மைக்குக்கு ஏற்கெனவே காது மந்தம். ஷீல்டை நாம் நிறுத்துவதோ அந்த மந்தமான பக்கத்தில். மைக் நன்றாகக் கேட்கும் பக்கத்தில் பாடுகிறவரும், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரும் பீரோவும் திறந்து கிடக்கின்றன. வாயிலிருந்து கிளம்பிய ஒலி அறையைச் சுற்றி, அந்தப் பின்சுவரில் பட்டு, நம் தோளைத் தாண்டி நேராக மைக்கின் முகத்துக்கு வருகிறது. அதை ஷீல்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஷீல்டால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. வாயிலிருந்து முன்னோக்கிப் போகும் ஒலியில் ஒரு பங்கை அது விழுங்குகிறது. அந்த அளவுக்கு அறைக்குள் சுற்றும் ஒலி குறையும். ஆனால் செய்ய வேண்டிய வேலையில் அது இரண்டாவது. முதல் வேலை பாடுகிறவரின் முதுகுப்பக்கத்தில் இருக்கிறது.

டீச்சர் வீட்டில் அதைத்தான் செய்தோம். அறைக்குக் குறுக்கே கொடிக்கயிறு கட்டி, பீரோவுக்கு ஓர் அடி முன்னால் ஒரு ஜமுக்காளமும் அதன்மேல் இரண்டு கம்பளியும் தொங்கவிட்டோம். தலைக்கு மேல் ஓர் அடியாவது நிற்கும்படி உயரம். இரண்டு பக்கமும் கொஞ்சம் முன்னால் வளைத்துவிட்டோம். அப்புறம் ஒரே சரணத்தை மூன்று விதமாகப் பாடச் சொன்னேன்: ஷீல்டு மட்டும், கம்பளி மட்டும், இரண்டும் சேர்த்து. ஷீல்டு மட்டும் இருந்தபோது அதே பானைச் சத்தம். கம்பளி மட்டும் இருந்தபோது குரல் முன்னால் வந்து நின்றது. இரண்டும் சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நம்ம வீட்டுக் கம்பளியா தம்பி இப்படிப் பண்ணுது?" என்று கேட்டார். ஆறு பாடல்களையும் திரும்பப் பாடினார்.

பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை. தகடு அதிரும். சில சுருதிகளில் அதுவும் சேர்ந்து முனகும். அறையில் பீரோ இருந்தால் உரக்கப் பாடியபடியே அதன் கதவில் கை வைத்துப் பாருங்கள், விரலுக்குத் தெரியும். மேலே கிடக்கும் வளையல் டப்பா, சாவிக்கொத்து எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

பானைச் சத்தம் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வாங்கும்போது அது உதவும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் என்றால், அதாவது ஆண்குரலின் அடித்தளம், 3.4 மீட்டர். ஃபோம் போன்ற பொருள் ஒரு ஒலியை நன்றாக விழுங்க வேண்டுமானால், அதன் தடிமனும் பின்னால் விடும் காற்று இடைவெளியும் சேர்ந்து அலைநீளத்தில் கால் பங்கை நெருங்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கே எட்டரை சென்டிமீட்டர் கேட்கிறது. மலிவு ஷீல்டுகளில் இருப்பதோ ஓர் அங்குலம், சிலவற்றில் அதுவும் இல்லை. அது 'ச', 'ஸ' போன்ற கூர்மையான ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு, நெஞ்சிலிருந்து வரும் கனத்தை அப்படியே திருப்பி அனுப்பும். பின்னால் கெட்டியான தகடு வேறு இருந்தால், மைக்குக்கு மிக அருகிலேயே ஒரு குட்டிச் சுவரை நிறுத்தியது போல ஆகிறது. அங்கிருந்து திரும்பும் ஒலி நேர் ஒலியோடு கலந்து சில சுருதிகளை அழித்துச் சிலவற்றை உப்பவைக்கும். இதனால்தான் சில வீடுகளில் ஷீல்டைக் கழற்றியதும் குரல் நன்றாகிவிடுகிறது.

கம்பளிக்கும் இதே கணக்குதான். அதை ஓர் அடி தள்ளித் தொங்கவிடச் சொல்வது அந்தக் காற்று இடைவெளிக்காகத்தான். சுவரோடு ஒட்டி ஆணி அடித்தால் பாதிப் பயன் போய்விடும். இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் இன்னும் நல்லது. நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிடுங்கள். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பார்க்க அழகு, ஆனால் மெல்லிய கோரை, ஒலிக்கு அது பெரிய தடை இல்லை. மெத்தைக்கு மேலுறையாக வேண்டுமானால் இருக்கட்டும். முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். அதில் விழுங்கும் தடிமன் கிடையாது. தவிர, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சாதாரண ஃபோமும் அப்படித்தான், எரிந்தால் விஷப்புகை வரும். விளக்கு ஏற்றும் அறையிலும் கொசுவர்த்தி வைக்கும் அறையிலும் ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

"கேட்டுப் பார்த்தோமே, எதிரொலி தெரியவில்லையே" என்பார்கள். பாடியதும் கேட்டால் தெரியாதுதான். மிக்ஸிங்கில் குரலைக் கம்ப்ரெஸ் செய்யும்போது உரத்த இடங்கள் அடங்கி, மெல்லிய இடங்கள் எல்லாம் மேலே வரும். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் ஒளிந்திருந்த அறை அப்போது எழுந்து வந்துவிடும். அதை நீக்க இப்போது மென்பொருள்கள் இருக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். கொஞ்சமாக இருந்தால் போகும். நிறைய இருந்தால் எதிரொலியோடு குரலின் ஓரங்களையும் சேர்த்துச் சுரண்டிவிடும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்கள் பக்கம் நின்று ஓதுவார் பாடக் கேட்டவர்களுக்குத் தெரியும், கல் மண்டபம் குரலை எவ்வளவு அழகாகத் தாங்கும் என்று. அந்த மாதிரி நீண்ட எதிரொலியைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். பத்துக்குப் பத்து அறையின் நெருக்கமான எதிரொலி ஒரு தடவை ஒட்டிவிட்டால் முழுதாகப் பிரிக்க முடியாது.

இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. மைக் ஷீல்டை 'ஐசோலேஷன் ஷீல்டு' என்றும் சொல்வார்கள். 'ஐசோலேஷன்', அதாவது தனிமைப்படுத்துவது, என்ற பெயரைப் பார்த்து, வெளிச்சத்தம் உள்ளே வராது என்று நம்புகிறார்கள். பக்கத்துத் தெருக் கொடையில் கட்டிய ஒலிபெருக்கி, பஸ் ஹாரன், மயில் அகவல், எதையும் ஷீல்டு நிறுத்தாது. வெளி ஒலியை நிறுத்தக் கனமும் அடைப்பும் வேண்டும். செங்கல் சுவர், இடுக்கில்லாத கதவு, சாத்திய ஜன்னல், இவைதான் நிறுத்தும். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கும், அங்கே ஒரு பழைய சாரத்தை (லுங்கியை) சுருட்டிச் செருகினாலே பாதி அடங்கிவிடும். மற்றபடி நேரம் பார்த்துப் பாடுவதுதான் வழி. மார்கழியில் விடியற்காலை வேண்டாம், ஊர் முழுக்க ஒலிபெருக்கி ஓடும்.

ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது லேசான காரியம் இல்லை என்று தெரியும். பதினைந்து நிமிடம் பாடுங்கள், நிறுத்திவிட்டு ஃபேனைப் போட்டு வியர்வை ஆற்றித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மூச்சு முட்டிக்கொண்டு பாடினால் குரலே கெட்டுவிடும். ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டால் அதையும் நிறுத்தலாம். ஆனால் வண்டிச் சாவியை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு நிறுத்துங்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடியாவது ஞாபகம் வரும், பால் கெடாது.

சரி, இவ்வளவுக்கும் பிறகு ஷீல்டு வேண்டும் என்றால், வாங்கலாம். வாடகை வீட்டில் கயிறு கட்ட வழி இல்லாதவர்கள், ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிறவர்கள், முன்னும் பின்னும் சம அளவில் கேட்கும் எட்டு வடிவ மைக் வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு உண்மையிலேயே உதவும். இந்த வகைப் பொருளைப் பரவலாக்கியது 2000களின் நடுவில் வந்த எஸ்ஈ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ரிஃப்ளெக்ஷன் ஃபில்டர். அதில் துளையிட்ட உலோகம், கம்பளி, நடுவில் காற்றுவெளி என்று அடுக்கு அடுக்காக இருக்கும். தோற்றத்தை மட்டும் பார்த்துச் செய்த மலிவு நகல்களில் ஒரு தகடும் ஒரு ஃபோமும்தான் இருக்கும்.

கடையில் ஃபோமை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் வர வேண்டும். வராவிட்டால் அது பெட்டியில் அடைத்து வரும் பேக்கிங் ஃபோம் மாதிரி, ஒலியை விழுங்காது. தடிமன் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். பின்தகடு துளையிட்டதா என்று பாருங்கள், கெட்டித் தகட்டைவிட அது நல்லது. உயரமும் அகலமும் பெரிதாக இருக்கட்டும். ஒரு முழம் உயரமுள்ள பலகையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவது தாழ்ந்த சுருதிகளுக்குப் பெரிய வேலை இல்லை. மைக்கை மட்டும் உள்ளே நுழைத்துக்கொள்ளும் பந்து வடிவ ஃபோம்களும் கிடைக்கின்றன. அவை குரலின் நிறத்தையே மாற்றிவிடும், உங்கள் குரலில் கேட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எடையை மறந்துவிடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஷீல்டை ஒரு மெல்லிய ஸ்டாண்டில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது எல்லாம் தரையில் கிடந்தது. மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு போய்விட்டது. கடன் வாங்கி வாங்கிய மைக் அது. ஸ்டாண்டின் ஒரு கால் ஷீல்டு சாயும் பக்கம் பார்த்து இருக்கட்டும், காலடியில் ஐந்து கிலோ மணல் பையோ அரிசிப் பையோ வையுங்கள்.

மாட்டும்போது மைக்கை ஷீல்டின் ஆழத்துக்குள் தள்ளாதீர்கள். பலகையின் வாய் விளிம்புக்கு நேராக மைக்கின் முகம் இருந்தால் போதும். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடுங்கள். நடுவில் பாப் ஃபில்டர் இருக்கட்டும், 'ப' போன்ற எழுத்துகளில் வரும் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை அது. பாட்டு எழுதிய காகிதத்தையோ போனையோ ஷீல்டுக்குள் சாய்த்து வைப்பது பலருக்குப் பழக்கம். கண்ணாடித் திரை மைக்கின் பக்கத்திலேயே ஒலியைத் திருப்பி அடிக்கும், அதைப் பக்கவாட்டில் தனி ஸ்டாண்டில் வையுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். இன்று ராத்திரி, தெரு அடங்கிய பிறகு, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று நாலு வரி பாடிப் பதிவு செய்யுங்கள். பிறகு முதுகுக்குப் பின்னால் கம்பளியைத் தொங்கவிட்டு அதே நாலு வரியை அதே தூரத்தில் பாடுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்பினால் கேட்டுச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம். அறையின் ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள், பீரோ எங்கே இருக்கிறது என்று தெரியும்படி.