பேரிங் ஹீட்டரும் பிளஸ் டூ கணக்கும்

பேரிங்கைச் சூடாக்கி ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டில்) மாட்ட எங்கள் ஷாப்பில் ஒரு ஹீட்டர் உண்டு. மோதிரம், வாட்சோடு அதன் பக்கம் போகக்கூடாது. ஏன் என்று புரியவைக்க, எங்கள் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு அப்ரண்டிஸ் பையன்கள் வந்தால் முதல் வாரமே ஒரு கணக்கு கொடுப்பேன். பிளஸ் டூவில் எல்லோரும் போட்டதுதான்.

நீளமான வரிச்சுருள் ஒன்று. மீட்டருக்கு 1000 சுற்று, ஆரம் 2 செ.மீ., ஓடுவது 2 ஆம்பியர். அதைச் சுற்றி வெளியே 50 சுற்றுள்ள இன்னொரு சுருள். அதன் ஆரம் 5 செ.மீ., மின்தடை 4 ஓம். உள்ளே ஓடும் மின்னோட்டம் 0.05 நொடியில் சீராகக் குறைந்து நின்றுபோகிறது. வெளிச்சுருளில் எவ்வளவு மின்னோட்டம் வரும்?

வழக்கமாக வரும் விடை 4.9 மில்லி ஆம்பியர். சரியான விடை 0.79. தப்பு எங்கே என்றால் பரப்பில். வெளிச்சுருளின் கணக்குதானே என்று 5 செ.மீ. ஆரத்துக்குப் பரப்பு போட்டுவிடுகிறார்கள். ஆனால் நீளமான வரிச்சுருளில் காந்தப்புலம் உள்ளே மட்டும்தான். வெளியே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வெளிச்சுருள் 5 செ.மீ. இருந்தாலும் 50 செ.மீ. இருந்தாலும் அதன் வழியே போகும் காந்தப்பாயம் (புலத்தைப் பரப்பால் பெருக்கியது), உள்ளே இருக்கும் அந்த 2 செ.மீ. வட்டத்தில் அடங்கியதுதான். புலம் 0.0025 டெஸ்லா, பரப்பு 0.00126 சதுர மீட்டர். பெருக்கி, 50 சுற்றால் பெருக்கி, 0.05 நொடியால் வகுத்தால் 3.2 மில்லி வோல்ட். 4 ஓமால் வகுத்தால் 0.79 மில்லி ஆம்பியர்.

இந்த வருஷம் ஒரு பையன் கேட்டான்: "சார், வெளிக்கம்பி இருக்கிற இடத்தில் காந்தமே இல்லையே, அப்புறம் கரன்ட் எப்படி வரும்?" நல்ல கேள்வி. கம்பியைக் காந்தம் தொட வேண்டியதில்லை. கம்பி போட்ட வளையத்துக்குள் காந்தப்பாயம் மாறினால் போதும். 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிப் பார்த்தது இதைத்தான். பேட்டரியை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டும் அடுத்த பக்கத்துக் காந்த ஊசி அசைந்தது.

சரி, மில்லி ஆம்பியர்தானே, இதில் என்ன ஆபத்து? அந்த 4 ஓமில்தான் விஷயம் இருக்கிறது. தடை அவ்வளவு இருந்ததால் விடை சின்னதாக வந்தது. சுருளுக்குப் பதிலாக ஒரே ஒரு சுற்று, அதுவும் தடிமனான உலோக வளையம் என்றால்?

அதுதான் எங்கள் ஷாப்பில் இருக்கும் இண்டக்‌ஷன் பேரிங் ஹீட்டர். இரும்புத் தகடுகளை அடுக்கிய கோர், அதில் 230 வோல்ட் சுருள், மேலே குறுக்காக, எடுத்து மாட்டும்படி ஓர் இரும்புக் கட்டை, அதுதான் யோக். அந்த யோக்கில் பேரிங்கை வளையல் போல மாட்டிவிடுவோம். கணக்கில் வந்த வெளிச்சுருள் இங்கே பேரிங்தான். சுருளில் 230 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 1 வோல்ட். நம் பேரிங் ஒரு சுற்று, அதனால் அதற்கும் 1 வோல்ட். கையால் தொட்டாலும் தெரியாத வோல்டேஜ். ஆனால் பேரிங்கில் 1 கிலோவாட் சூடு இறங்க வேண்டும் என்றால், அந்த 1 வோல்ட்டில் குறைந்தது 1000 ஆம்பியர் ஓடியாக வேண்டும். ஓடுகிறது.

6312 என்ற எண்ணுள்ள பேரிங் சுமார் 1.7 கிலோ. 30 டிகிரியிலிருந்து 110-க்குக் கொண்டுபோக 1 கிலோவாட்டில் ஒரு நிமிஷம் போதும். அதற்குள் 60 மி.மீ. துளை கிட்டத்தட்ட 0.06 மி.மீ. விரிந்திருக்கும். ஷாஃப்ட்டில் வழுக்கிக்கொண்டு உட்காரும், சுத்தியலே வேண்டாம். (சீல் வைத்த பேரிங்கை 80-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள், உள்ளே கிரீஸ் இருக்கிறது.)

இப்போது கைக்கு வருவோம். விரலில் இருக்கும் மோதிரமும் ஒரு மூடிய சுற்று. யோக் அதற்குள் நுழையாது, உண்மைதான். ஆனால் இந்தக் கோர் புத்தகத்து வரிச்சுருள் மாதிரி ஒழுங்கானதில்லை. முனைகளிலும், யோக் சரியாகப் படியாத இடைவெளியிலும் காந்தப்பாயம் கசியும். அரைப் பவுன் மோதிரத்தின் தடை ஏறக்குறைய ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கசிவால் அதில் 0.05 வோல்ட் வந்தாலும் 50 ஆம்பியர், 2.5 வாட். அதென்ன பெரிசு என்று தோன்றும். நான்கு கிராம் தங்கத்தை ஒரு டிகிரி ஏற்ற அரை ஜூல் போதும். அதாவது நொடிக்கு ஐந்து டிகிரி. விரல் கொஞ்சம் சூட்டை உறிஞ்சும், ஆனால் உறிஞ்சுவது உங்கள் விரல். எனக்கு ஒருமுறை வாட்சின் ஸ்டீல் பட்டை சுட்டது. யோக் முனைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வாட்ச் டிராயரில்.

பெரிய பேரிங் என்றால் இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. கிரேனில் வயர் ரோப்பில் தொங்கவிட்டபடியே சூடேற்றுவது. ரோப்பும் உலோகம். அது மூடிய வளையமாகிக் காந்தப்பாயத்தைச் சுற்றிக்கொண்டால் அதுவும் ஒரு வெளிச்சுருள்தான். பேரிங்குக்கு முன்னால் ரோப் சூடேறலாம். துணி பெல்ட்டைப் பயன்படுத்துங்கள்.

ஹீட்டர் ஓடும்போது யோக்கைத் தூக்காதீர்கள். பாதியில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். கடைசியில் காந்தம் நீக்கும் வேலையை அது முடிக்கட்டும். இல்லாவிட்டால் பேரிங்கில் காந்தம் தங்கி, இரும்புத் தூளையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். இவற்றைவிட முக்கியம், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் ஹீட்டர் பக்கமே வரக்கூடாது. சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. அதனால் சுவிட்ச் போடும் முன் சுற்றி நிற்பவர்களிடம் வாய்விட்டே கேட்டுவிடுவேன்.

கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு மோதிரம் கழலவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தோம், தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்தோம். "பரவாயில்லை சார், கையைத் தள்ளியே வச்சுக்கிறேன்" என்றான். "வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அவனை ஷாஃப்ட்டைத் துடைத்து அளவெடுக்கும் வேலைக்கு அனுப்பினேன்.